உள்விழி லென்ஸின் நாற்பதாண்டுப் பயணம்

புதிய பொருளொன்றை முதன்முதலில் உருவாக்குவதும் அப்பொருள் சமூகத்தின் அன்றாடப் புழக்கத்துக்கு வருவதும் வெவ்வேறு செயல்கள் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வலியுறுத்தினார். முன்னதைக் கண்டுபிடிப்பு என்றும் பின்னதைப் புத்தாக்கம் என்றும் தமிழில் குறிப்பர். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடப்பவை பெரும்பாலும் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. கண்புரை நோயாளிகளுக்குப் பொருத்தப்படும் உள்விழி லென்ஸின் வரலாறு அந்த இடைக்காலத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. 1949-இல் லண்டனில் தொடங்கிய அது, 1992-இல் மதுரையில்தான் ஏழைகளுக்கு எட்டும் கட்டத்தை அடைந்தது.

கண்ணின் இயற்கை லென்ஸ் பெரும்பாலும் மூப்பின் காரணமாக ஒளிபுகாதவாறு மங்கிவிடுவதே கண்புரை. மங்கிய லென்ஸை அகற்றிவிட்டால் ஒளியைக் குவிப்பதற்குக் கண்ணுக்குள் போதிய வழி இல்லாமற்போவதால், அறுவைக்குப் பின் ஏறத்தாழ 10 டயாப்டர் திறனுள்ள கண்ணாடியை நோயாளி அணிய வேண்டியிருந்தது. டயாப்டர் என்பது லென்ஸ் ஒளியைக் குவிக்கும் திறனை அளக்கும் அலகு. மக்கள் ‘சோடாபுட்டி’ என்று அழைத்த அத்தடித்த கண்ணாடி பொருள்களை ஏறத்தாழ கால் பங்கு பெரிதாக்கிக் காட்டியதோடு பக்கவாட்டுப் பார்வையையும் மறைத்ததால், வரப்பில் நடப்பதும் படியிறங்குவதும்கூட இடர் நிறைந்தவையாயின. அது உடைந்தாலோ தொலைந்தாலோ, வேறொன்று வாங்க வசதியற்றவர் மீண்டும் பார்வையிழந்தவராகவே வாழ நேர்ந்தது.

இக்குறைக்கு மாற்று கண்டவர் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில் விமான மூடியின் அக்ரிலிக் சில்லுகள் தங்கியிருந்தும் அவை பெரிய அழற்சியை உண்டாக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். கண்புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்கு ஈடாக வேறொன்றை ஏன் வைப்பதில்லை என்று கேட்டதும் அந்தக் கவனிப்பு செயலாக மாறத் தூண்டுதலாயிற்று. ரேய்னர் நிறுவனம் தயாரித்த அக்ரிலிக் லென்ஸைக் கொண்டு, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் அறுவையைச் செய்தார். இயற்கை லென்ஸின் வடிவத்தையே பின்பற்றிச் செய்யப்பட்ட அது, அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் மிகுதியாக இருந்தமையால் தேவைக்கு மீறிய திறன் பெற்று, நோயாளியைக் கடுமையான கிட்டப்பார்வைக்கு உள்ளாக்கியது. எனினும் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் தங்கும் என்பது உறுதிப்பட்டது.

1951-இல் இப்பணியை அவர் வெளியிட்டபோது, கண்ணுக்குள் இருக்கும் அந்நியப் பொருளை நீக்குவதே மருத்துவரின் கடமை என்று பயின்றிருந்த மூத்த மருத்துவர்கள் பலர் எதிர்த்தனர். எதிர்ப்பை வெறும் பிடிவாதமாகக் கருதுவது அவர்களுக்கு நியாயமாகாது. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலமும் மிகுந்த எடையும் கொண்டிருந்த அந்த லென்ஸ் சில கண்களில் இடம்பெயர்ந்தது, அழற்சியும் ஏற்பட்டது. மேலும், லென்ஸை அதன் உறையோடு சேர்த்தே எடுத்துவிடும் முறை அடுத்த காலகட்டத்தில் பரவலானதால், செயற்கை லென்ஸைத் தாங்குவதற்குரிய இடமே கண்ணில் இல்லாமற்போயிற்று. பின்னுறையைக் காக்கும் அறுவை முறை மீண்டும் செல்வாக்குப் பெற்றதும், அறுவை நுண்ணோக்கி பரவியதும், கண்ணின் உட்பகுதிகளைக் காக்கும் ஹயலுரோனேட் கூழ் கிடைத்ததும், பின்னாளில் மங்கும் உறையைத் துளையிட யாக் லேசர் வந்ததும் சேர்ந்தே இக்கண்டுபிடிப்பு பரவ வழிவகுத்தன. 1981-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது.

ஆயினும் 1980-களில் ஒரு லென்ஸின் விலை 100 டாலருக்கு மேல் இருந்தது. பணக்கார நாடுகளில் பார்வை மீண்டவரின் எண்ணிக்கை கூடிய அதே காலத்தில், ஏழை நாடுகளுக்கு இத்தகைய அறுவை பொருந்தாது என்ற கருத்து மருத்துவ வட்டாரங்களிலேயே நிலவியது. ஏழை நோயாளிக்குத் தடித்த கண்ணாடியே போதும் என்று இதற்குப் பொருள்; இக்கருத்தை ஏற்க மறுத்ததுதான் மதுரையின் பங்கு.

முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு கட்டணமில்லாச் சிகிச்சை நடத்துவதும், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து செவிலியர் பணிக்குப் பயிற்றுவிப்பதும், ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் ஆயத்தம் செய்வதும் அங்கே நிலைபெற்றன. நன்கொடையாக வந்த லென்ஸ்கள் அங்கே குவிந்த கூட்டத்துக்குப் போதவில்லை. இந்நிலையில்தான் சேவா அறக்கட்டளையின் ஆதரவுடனும் டேவிட் கிரீன் என்பவரின் முயற்சியுடனும் 1992-இல் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் தொடங்கப்பட்டது.

அக்ரிலிக் வில்லையைக் கணினிவழி இயங்கும் லேத்தில் கடைந்து, இரு மெல்லிய கால்களோடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸாக்கி, மெருகேற்றி, தூசு புகாத அறையில் நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொன்றாகச் சோதித்து, கிருமிநீக்கி உறையிடும் இவ்வேலையைப் பெரும்பாலும் கிராமப்புறத்து இளம்பெண்களே செய்கின்றனர். தொடக்கத்தில் ஏறத்தாழ 10 டாலர் அளவில் விற்கப்பட்ட லென்ஸ் பின்னர் அதனினும் மலிவானது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இன்று ஏற்றுமதியாகிறது. குறைந்த கூலியால் மட்டும் இந்த விலை சாத்தியமாயிற்று என்ற விளக்கம் குறைபட்டது. எத்தனை லென்ஸ் செய்தாலும் பயன்படுத்த ஒரு மருத்துவமனை காத்திருந்ததும், பங்குதாரருக்கு லாபம் ஈட்டித்தர வேண்டிய கட்டாயம் அற்ற அறக்கட்டளையாக ஆரோலேப் அமைந்ததும் விலையை நிர்ணயித்ததில் பெரும்பங்கு வகித்தன. லேத்தையும் அக்ரிலிக்கையும் வேறு எவரும் வாங்கியிருக்கலாம். அவற்றை இப்படி இணைத்த அமைப்பே மதுரையின் புத்தாக்கம்.

விலை குறைந்ததும் நோயாளிகள் தாமாகவே வந்துவிடவில்லை. அறுவை இலவசமாயினும் பேருந்துக் கட்டணம், இழக்கும் நாட்கூலி, துணைக்கு வருபவரின் செலவு, அச்சம் ஆகியவை கண் முகாமுக்கு வருவதையே தடுத்தன. எனவே போக்குவரத்தும் உணவும் தங்குமிடமும் சிகிச்சையின் பகுதியாக்கப்பட்டன. 2000-களில் சிற்றூர்களை ஒட்டிப் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்து விவரங்களை இணையவழி அனுப்ப, மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் நோயாளியோடு நேரடியாகப் பேசி, கண்ணாடி போதுமா அறுவை வேண்டுமா என்பதை அன்றே தெரிவிக்கிறார்.