அச்சத்தின் நடுவே அடைக்கலம்

ஒரு நாட்டை அச்சம் பற்றிக்கொள்ளும்போது முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறவன் அயலானே. அவனுக்கு இரங்குவதும் குற்றமெனக் கருதப்படும் நாட்களில், அந்நியனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்னும் கிறிஸ்தவ அறம் எவ்வாறு நிலைபெறும்? இதற்கு விடை தேடுவோர் பிரான்சு தேசத்து மலைக்கிராமம் ஒன்றன் வரலாற்றை அறிதல் நலம்.

1940 ஜூன் மாதத்தில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. பின்னர் விஷி நகரில் அமைந்த அரசாங்கம், அவ்வாண்டு அக்டோபரிலேயே யூதரின் உரிமைகளைப் பறித்துச் சட்டம் செய்தது. அயல்நாட்டு யூதர்களை முகாம்களில் அடைக்கவும் அதிகாரம் அளித்தது. நாஜிகளுக்கு அஞ்சிப் பிரான்சில் புகலடைந்தவர்கள், புகலடைந்த இடத்திலேயே கைதிகளாயினர். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சுமார் 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீஸாரே வளைத்துப் பிடித்தனர்.

இந்நிலையில், லே ஷம்போன் என்னும் கிராமமும் அதைச் சூழ்ந்த மலைப்பகுதியும் அகதிகளுக்குக் கதவைத் திறந்தன. அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் ஹ்யூகனாட் எனப்படும் புராட்டஸ்டண்டு மரபினர். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களது வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, அவர்தம் முன்னோர் காடுகளில் மறைந்து தொழுதவர்கள். துரத்தப்படுவது இன்னதென்பதை அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. வீட்டில் கேட்டே அறிந்திருந்தனர். சபைப் போதகர்களாகிய ஆந்திரே ட்ரோக்மே, எதுவார் தேய்ஸ் இருவரும், பழைய ஏற்பாடு கூறும் அடைக்கலப் பட்டணங்களைப் போலத் தம் ஊரும் விளங்கவேண்டும் எனக் கருதினர்.

அங்கே நடந்த உதவி பெரும்பாலும் சிறு சிறு காரியங்களே. குடியானவர் ஒருவர் ஒரு குழந்தைக்குப் படுக்க இடம் தந்தார். ஆசிரியர் அதனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். வேறொருவர் போலி அடையாளச் சீட்டுத் தயாரித்தார். சோதனை வருமென்று தெரிந்தால், அகதிகள் காட்டுக்குள் அனுப்பப்பட்டனர். சிலர் சுவிட்சர்லாந்து எல்லைவரை அழைத்துச் செல்லப்பட்டனர். 1942 ஆகஸ்டில் அதிகாரிகள் யூதரின் பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது, ட்ரோக்மே தர மறுத்தார்.

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1943 பிப்ரவரியில் போதகர்கள் இருவரும் சிறைப்பட்டுச் சில வாரங்கள் முகாமில் இருந்தனர். ட்ரோக்மேயின் உறவினரான தானியேல் ட்ரோக்மே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தம் பொறுப்பிலிருந்த மாணவர்களுடன் பிடிபட்டார். 1944-இல் மைதானெக் முகாமில் உயிர்நீத்தார். எனினும் ஆயிரக்கணக்கானோர் அம்மலைப்பகுதியில் உயிர் தப்பினர். 1990-இல் இஸ்ரேலின் யாத் வாஷேம் நிறுவனம் அக்கிராமத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சிறப்புச் செய்தது.

அச்சம் மனிதனைத் தனியனாக்கி வெல்கிறது. 'நான் ஒருவன் என்ன செய்ய இயலும்?' என்று அவனைச் சொல்லவைக்கிறது. அவ்வூராரோ பாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஆதலின் ஒவ்வொருவர் பங்கும் சுமக்கத்தக்கதாயிற்று. பிறந்த ஊரைவிட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம் அகதிகள் அல்லோம். ஆயினும், அறிமுகமில்லாத தெருவில் முதலில் திறந்த கதவின் அருமையை நாமும் ஒருவாறு அறிவோம். அந்த நினைவை மறவாதிருப்பதே இரக்கத்தின் முதற்படி எனலாம்.