வாவியும் யாழும்

பூரணை இரவொன்றில் கல்லடிப் பாலத்தினருகே தோணியில் அமர்ந்திருந்தேன். தோணிக்காரர் துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்நுனியைக் காதோடு வைக்கச் சொன்னார். நரம்பை மெல்ல வருடினாற் போன்ற ஓசைகள் அடியிலிருந்து எழுந்தன. "மீன் பாடுது எண்டு ஊர் சொல்லும் ஐயா, எங்கட பழைய ஆக்கள் ஊரி எண்டுதான் சொல்லுவாங்க" என்றார் அவர்.

இதே செய்தியை எமர்சன் டென்னன்ட் தமது இலங்கை நூலில் 1859ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஓசை ஒன்றுதான். மீனவர் அதில் ஊரியைக் கேட்கிறார். விலங்கியலார் உயிரினத்தைத் தேடுகிறார். கவிஞர் நீரர மகளிரைக் காண்கிறார். இம்மூவரும் ஒரே தோணியில் ஏறுவது அரிது.

மூவரும் ஒருவராய் அமைந்த பெரியார் இம்மண்ணில் பிறந்தார். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். நீரர மகளிரைப் பாடிய கவிஞர். சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பௌதிகம் கற்றவரின் கண்கொண்டு அவர் படித்தார். நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்கச் செய்தால், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இத்தகைய கணக்குகளைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் இசைமுறையை மீட்க முயன்றார். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாகிய 'யாழ்நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அந்த 14 ஆண்டுகளை அவருக்கு அளித்தவர் யார் என்பதே என் கேள்வி. துறவு வாழ்வு குடும்பச் சுமையை நீக்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இலங்கைப் பல்கலைக்கழகமும் தமிழ்ப் பேராசிரியர் பதவி அளித்தன. கரந்தைத் தமிழ்ச்சங்கம் நூலை வெளியிட்டது. இவையெல்லாம் கூடியே, பெயரில்லாததோர் ஆராய்ச்சி நல்கையாய் அமைந்தன. ஆயினும், அப்பேறு தற்செயலாய் வாய்த்தது. தற்செயலை நம்பி ஒரு நாடு அறிவை வளர்த்தல் இயலுமா?

இன்னொரு சான்றும் உண்டு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என நாடகங்கள் தொடர்ந்தன. இராவணனாய் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியானார். ஆடிய கால்களே ஆய்வையும் எழுதின. அதனால் தாளக்கட்டும் ஆட்டமுறையும் வெறும் சொல்லாய் நின்றுவிடவில்லை.

இன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியில் அடிகளின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளன. ஆண்டுதோறும் ஓர் அண்ணாவியார், ஓர் இசைஞர், ஒரு விஞ்ஞானி, ஒரு தமிழாய்வாளர் ஆகிய நால்வரை ஓராண்டு இங்கே கூடியிருக்கச் செய்தல் நன்று. வாவியின் ஓசையை அளப்பவரும், மத்தளத்தின் சொற்கட்டை எழுதுபவரும் ஒரே திண்ணையில் உண்டு உரையாடட்டும்.

பாடசாலைக் கூரைகள் ஒழுகுகையில் இச்செலவு எதற்கு என்பர் சிலர். நியாயமான கேள்விதான். கூரையை அடுத்த ஆண்டும் வேயலாம். வடமோடிக் கூத்தொன்றை முழுதாய் மனத்தில் வைத்திருக்கும் முதியவர் அடுத்த ஆண்டு வரை நமக்காகக் காத்திருப்பார் என்று யார் உறுதி கூற முடியும்?

நல்கை வழங்குவோர்க்கு ஒரு விண்ணப்பம். படிவத்தில் பட்டச் சான்று கேட்கும் இடத்தை அண்ணாவியார்க்கு விலக்கிவிடுங்கள். அவர்தம் சான்று களரியில் இருக்கிறது. அன்றிரவு துடுப்பைக் கையில் தந்து கேட்கக் கற்பித்த தோணிக்காரரிடமும் பட்டம் எதுவும் இல்லை.