அடைக்கோழிக்கு ஏன் இவ்வளவு கோபம்?



நேற்று வரைக்கும் நம் கையில் இருந்து அரிசி கொத்தித் தின்ற கோழி, திடீரென்று ஒருநாள் கூடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிட்டப் போனால் இறகைச் சிலுப்பிக்கொண்டு "கொர்ர்..." என்று சீறும். கையை நீட்டினால் நறுக்கென்று ஒரு கொத்து! "கோழிக்கு அடை வந்துருச்சு"ன்னு வீட்டில் சொல்லுவாங்க. அப்படி அதன் உடம்புக்குள் என்னதான் வந்தது?

புரோலாக்டின்

வந்தது ஒரு ஹார்மோன். அதன் பெயர் புரோலாக்டின். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இது சுரக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்கார் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் புறாக்களை வைத்து ஆராய்ந்து, இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பையில் இருந்து பால் மாதிரி ஒன்றை ஊட்டுமே, அது சுரக்கக் காரணம் இந்த ஹார்மோன்தான். அம்மாப் புறா மட்டும் இல்லை, அப்பாப் புறாவும் அந்தப் பாலைக் கொடுக்கும்!

1935ல் அவர்கள் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளுக்குப் புரோலாக்டின் ஊசி போட்டார்கள். கோழிகள் முட்டையிடுவதை விட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்தன.

வி.ஐ.பி. யார்?

அடைக்கோழியைத் தூக்கி அடிவயிற்றைப் பாருங்கள். இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, சூடாக இருக்கும். முட்டை அந்தத் தோலில் படும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. உடனே மூளை வி.ஐ.பி. என்ற ஒரு பொருளை அனுப்புகிறது. (கார்ல வர்ற வி.ஐ.பி. இல்லைங்க! இது 1970ல் பன்றியின் குடலில் முதன்முதலாகக் கண்டுபிடித்த ஒரு வேதிப்பொருள்.) அது பிட்யூட்டரியிடம் போய் "இன்னும் கொஞ்சம் புரோலாக்டின் விடு" என்று சொல்கிறது.

அதாவது, ஹார்மோன் கோழியை உட்கார வைக்கிறது. உட்கார்ந்தால் ஹார்மோன் கூடுகிறது. கூடக் கூட இன்னும் உட்காருகிறது. புரோலாக்டின் ஏறியதும் சினைப்பை சுருங்கி முட்டை நின்றுவிடும். பசியும் குறைந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து, அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு ஓடி வரும்.

கோழி நாள் எண்ணுமா?

எண்ணாது. கோழிமுட்டை பொரிக்க 21 நாள், வாத்துமுட்டைக்கு 28 நாள். வாத்துமுட்டையை அடை வைத்தாலும் கோழி 21 நாளில் எழுந்து போகாமல் கூட ஒரு வாரம் உட்கார்ந்து பொரித்துக் கொடுக்கிறது. முட்டை வயிற்றில் பட்டுக்கொண்டே இருப்பதுதான் அதற்குக் கணக்கு. மர முட்டையை வைத்தாலும் உட்காரும்.

குஞ்சு பொரித்ததும் புரோலாக்டின் மளமளவென்று இறங்குகிறது. அதற்குப் பிறகு குஞ்சுகளின் சத்தமும் அவை வயிற்றுக்குள் வந்து ஒண்டுவதும்தான் கோழியை அம்மாவாக வைத்திருக்கின்றன. பருந்து நிழல் பட்டாலே றெக்கையை விரிக்கிற அதே கோழி, குஞ்சு பெரிதானதும் கொத்தி விரட்டிவிடும்.

வெள்ளை லெகார்ன் கோழி பெரும்பாலும் அடைக்கு உட்காராது. உட்காராத கோழிகளையே பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததால் அந்தக் குணம் போய்விட்டது. அதன் முட்டையை இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கிறார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன்?

எங்கள் வீட்டில் முட்டை விற்ற காசில்தான் எனக்கு நோட்டு வாங்குவார்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிட்டால் வருமானம் நின்றுபோகும். அதனால் அடையைக் கலைக்கணும்னு கோழியைத் தண்ணீரில் முக்குகிறார்கள். சில பேர் மூக்கில் இறகைச் செருகிவிடுகிறார்கள். அது மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கோழி வேணும்னு பிடிவாதம் பிடிக்கவில்லை. அதன் ரத்தத்தில் ஓடுவது அதை உட்கார வைக்கிறது.

வயிற்றில் எதுவும் படாவிட்டால் மூளைக்குச் செய்தி போகாது, புரோலாக்டின் தானே இறங்கிவிடும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. முட்டையையும் கூடையையும் எடுத்துவிடுங்கள்.
2. அடியில் காற்று புகுகிற கம்பிக்கூண்டை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, கோழியை அதில் விடுங்கள். வைக்கோல் போட வேண்டாம்.
3. தீனியும் தண்ணீரும் நிறைய வையுங்கள்.
4. மூன்று நான்கு நாளில் வெளியே விட்டுப் பாருங்கள். திரும்பவும் பழைய மூலைக்கே போய் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு நாள் கூண்டில் வையுங்கள்.

சில வாரங்களில் மறுபடி முட்டை வைக்கும். உங்கள் வீட்டில் யாராவது இறகோடு கோழியைப் பிடித்தால், ஒரு கம்பிக்கூண்டைக் கொண்டுபோய் முன்னால் வையுங்கள்!