தண்ணீரில் இறுகிய சுண்ணாம்பு

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலுக்குள் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எடிஸ்டோன் பாறைக்கூட்டம். ஓதம் ஏறினால் பாறைகள் மறைந்துவிடும். கப்பல் மோதிய பிறகுதான் இருப்பது தெரியும்.

ஹென்றி வின்ஸ்டன்லி இங்கே கட்டிய கோபுரத்தில் 1698இல் முதன்முதலாக விளக்கு எரிந்தது. 1703 நவம்பரில் அடித்த பெரும்புயல் கோபுரத்தை அடித்துச் சென்றது. அன்றிரவு உள்ளே தங்கியிருந்த வின்ஸ்டன்லியும் தப்பவில்லை. அடுத்து வந்த மரக்கோபுரம் 1755இல் தீக்கிரையானது. மரத்தின் உச்சியில் மெழுகுவத்திகளை எரித்தால் வேறென்ன நடக்கும்? அத்தனை ஆண்டுகள் தாங்கியதே பெரிது.

மூன்றாவதாக வந்த ஜான் ஸ்மீட்டன், கல்லில் கட்டுவதென்று முடிவுசெய்தார். தச்சர்கள் மரத்தில் போடும் பூட்டைப் போலக் கற்களைச் செதுக்கி, ஒன்றை ஒன்று விடாமல் கவ்வச் செய்தார். சிக்கல் சாந்தில்தான். சாதாரணச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் இறுகும். பூசிய சில மணி நேரத்தில் கடல் ஏறிவரும் பாறையில் அதற்கு ஏது அவகாசம்?

ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்பை வரவழைத்தார். நீற்றி, உருண்டை பிடித்து, தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சில கரைந்தன, சில கல்லாயின. காரணம் தேடிச் சுண்ணாம்புக்கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தபோது, தண்ணீரில் இறுகிய வகைகளில் மட்டும் அடியில் களிமண் தங்கியது. அழுக்கு என்று கொத்தனார்கள் ஒதுக்கிய கல்லே இங்கே உதவியது! சூளையில் வேகும்போது களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து புதிய சேர்மங்களாகின்றன. அவை இறுகக் காற்று வேண்டாம், தண்ணீர் போதும். வேல்ஸின் அபர்தா சுண்ணாம்போடு இத்தாலிய எரிமலை மண்ணைச் சரிபாதி கலந்து அவர் சாந்து தயாரித்தார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டும் சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டதுதான்.

1759 அக்டோபர் 16 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. இவ்வளவு பாடுபட்டும் மேலே எரிந்தவை வெறும் 24 மெழுகுவத்திகள்!

நூறாண்டு கடந்த பின் கோபுரம் அலைகளில் அதிரத் தொடங்கியது. கட்டடத்தில் குறையில்லை, அடியிலிருந்த பாறையைத்தான் கடல் அரித்திருந்தது. 1882இல் பக்கத்துப் பாறையில் புதுக் கோபுரம் எழுந்தது. ஸ்மீட்டனுடையதன் மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்து பிளிமத் கரையில் மீண்டும் நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்றும் அதே பாறையில் நிற்கிறது.