நிற்கும் வாகனமும் ஓடும் இயந்திரமும்

மட்டக்களப்பு–கல்முனை பிரதான வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது தேற்றாத்தீவு. இங்கும் அயற்கிராமங்களிலும் பாடசாலை விடும் வேளையில், பிள்ளைகளை ஏற்ற வந்த கார்களும் முச்சக்கர வண்டிகளும் வீதியோரம் காத்து நிற்பது வழமை. அவற்றுட் சில இயந்திரம் நிறுத்தப்படாமலே நிற்கின்றன. நிறுத்தி மீண்டும் ஸ்ராட் செய்தால் கூடுதல் பெற்றோல் செலவாகும் என்பது ஒரு சாராரின் வாதம். நின்ற நிலையில் ஓடினால் இயந்திரம் பழுதாகும் என்பது மற்றொரு சாராரின் அச்சம். இவ்விரண்டையும் சற்று ஆராய்வது பயனுடையதெனக் கருதுகிறோம்.

அச்சத்தை முதலில் நோக்குவோம். நல்ல நிலையிலுள்ள கார் ஓரிரு நிமிடங்கள் நின்றபடி இயங்குவதால் அதற்குக் கேடு எதுவும் நேராது. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது எண்ணெய் அழுத்தம் குறைவதுண்டு. எனினும் பாரமின்றி இயங்கும் இயந்திரத்துக்கு அது போதுமானதே. ஓடும்போது கிடைக்கும் காற்று இல்லாத குறையை ரேடியேற்றர் விசிறி ஈடு செய்கிறது. நிற்கும்போது மாத்திரம் வெப்பமானியின் முள் ஏறுமாயின், பழுது பெரும்பாலும் விசிறியில் அல்லது குளிர்விக்கும் நீரின் அளவில் இருக்கும். உடனே கராஜில் காட்ட வேண்டும்.

நாள்தோறும் நீண்ட நேரம் இவ்வாறு ஓடவிடுவது வேறு விடயம். போதிய வெப்பமடையாத இயந்திரத்தில் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. பிளக்குகளிற் கரி படியும், எண்ணெயில் எரிபொருள் கலக்கும், சைலென்சரில் நீர் தேங்கித் துருப்பிடிக்கும். எமது பிரதேசத்தின் வெப்பநிலையில் காலையில் வண்டியைச் 'சூடாக்க' அரை நிமிடம் போதும். அதன்பின் மெதுவாக ஓட்டிச் செல்வதே சிறந்தது. டேர்போ பொருத்திய டீசல் வாகனம் நெடுந்தூரம் விரைந்து ஓடி வந்திருப்பின், நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஓடவிடுவது மட்டும் நியாயமானதே.

பெற்றோல் வாதம் காபரேற்றர் காலத்தின் எச்சம். இன்றைய கார்களில் எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. மீள ஸ்ராட் செய்யச் செலவாகும் எரிபொருள், ஏறத்தாழப் பத்து விநாடிகள் நின்று ஓடுவதற்கான அளவே. எமது வீதிகளில் ஓடும் ஜப்பானியச் சிறு கார்கள் பல நின்றதும் தாமாகவே இயந்திரத்தை நிறுத்திக்கொள்வது இதனாலேயே. பற்றரி தளர்ந்த பழைய வண்டிக்காரர் தயங்குவதில் நியாயமுண்டு. அவர் மாற்ற வேண்டியது பற்றரியை.

சிறிய காரொன்று நின்றபடி ஓடினால் மணித்தியாலத்துக்குச் சுமார் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை எரியும். குளிரூட்டி இயங்கினால் மேலும் கூடும். நாளொன்றுக்குப் பத்து நிமிடமெனக் கொண்டால், இருபது பாடசாலை நாட்களில் இரண்டு, மூன்று லீற்றர் வீணாகும். 2022 இல் கியூஆர் அட்டை அறிமுகமானபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே கிடைத்தன. வரிசையில் வாகனத்தைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தோருக்கு இக்கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

இயந்திரத்துக்கு இல்லாத கேடு மனிதருக்கு உண்டு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் அமைப்பு 2012 இல் வகைப்படுத்தியது. பாடசாலை வாயிலில் அப்புகை வெளிவரும் உயரமும் சிறு பிள்ளைகளின் முகமும் அதிகம் விலகியிருப்பதில்லை.

அதனினும் கொடியது காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மாரி மழையில் கதவடைத்த கராஜுக்குள் வண்டியை ஓடவிடுவதும், குளிரூட்டியை இயக்கியபடி வண்டிக்குள் உறங்குவதும் உயிராபத்தானவை. சைலென்சரில் ஓட்டையிருப்பின் புகை உள்ளேயே வரக்கூடும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தியுணர்வு தோன்றினால் உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். மயங்கியவரை வெளியே கொண்டுவந்து, 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.