வானத்தில் இருந்து விழுந்த மந்திரவாதி!
2002-ம் ஆண்டு விளையாட்டை இன்று காசு கொடுத்து வாங்கலாமா?

கப்பல் கரையில் நிற்கிறது. கைதி ஒருவனை அதிகாரிகள் இறக்கி விடுகிறார்கள்.

அவன் செய்த குற்றம் என்ன? அதை யாரும் சொல்லவில்லை. சக்கரவர்த்தியின் உத்தரவு, அவனுக்கு விடுதலை! கையில் ஒரு பொட்டலம் கொடுக்கிறார்கள். 87 பொற்காசு கொடுக்கிறார்கள். பால்மோரா என்ற ஊருக்குப் போய், கேயஸ் கொசேடஸ் என்பவரிடம் பொட்டலத்தைச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான்.

கைதி ஊரை விட்டு வெளியே வருகிறான். கொஞ்ச தூரம் நடக்கிறான்.

திடீரென்று மேலே இருந்து ஓர் அலறல்!

வானத்தில் இருந்து ஒரு மந்திரவாதி தலைகுப்புற வருகிறார். தொப்பென்று விழுகிறார். செத்துப் போகிறார்.

அவருடைய பையில் ஒரு நாள்குறிப்பு இருக்கிறது. மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கின்றன. சுருளை வாசித்துவிட்டுக் குதித்தால் மலையைத் தாண்டிப் பறக்கலாம். ஆனால் இறங்குவது எப்படி என்பதை அந்த மனிதர் யோசிக்கவில்லை. கீழே வரும்போது இன்னொரு சுருளை வாசிக்கவேண்டும். வாசிக்க மறந்தால் அவர் கதிதான்!

இது அம்புலிமாமா கதை அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டு. பெயர் மாரோவிண்ட். 2002-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்றும் விற்பனையாகிறது. இன்றும் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் சிலர் அரை மணி நேரத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். சிலர் பல வருஷங்களாக விடாமல் ஆடுகிறார்கள்.

நீங்கள் எந்த வகை? காசு கொடுக்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

திவாலின் விளிம்பில்

அமெரிக்காவில் மேரிலாண்டு மாநிலத்தில் ராக்வில் என்று ஓர் ஊர். அங்கே பெதஸ்தா என்ற கம்பெனி இருக்கிறது. 1994-ல் 'அரினா', 1996-ல் 'டாகர்பால்' என்று இரண்டு மாயாஜால விளையாட்டுகளை வெளியிட்டுப் பெயர் வாங்கியது.

அதற்குப் பிறகு சறுக்கல். 1997-லும் 1998-லும் வெளியிட்ட விளையாட்டுகள் சரியாக ஓடவில்லை. கம்பெனியைப் பூட்டவேண்டிய நிலை வந்தது. 1999-ல் ஜெனிமேக்ஸ் என்ற புதிய கம்பெனி அமைத்து, பணம் திரட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாரோவிண்டில் இறங்கினார்கள். தலைமை ஏற்றவர் டாட் ஹோவர்ட். இசை அமைத்தவர் ஜெரமி சோல்.

இது போனால் எல்லாம் போயிற்று என்ற நிலை. பயந்து பயந்து செய்திருந்தால் எல்லோரையும் போல ஒரு கோட்டை, ஒரு ராஜா, ஒரு டிராகன் என்று செய்திருப்பார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எரிமலை நடுவில் நிற்கும் ஒரு தீவைப் படைத்தார்கள். சாம்பல் புயல் அடிக்கிறது. பனை உயரத்துக்குக் காளான்கள் வளர்கின்றன. ஊருக்கு ஊர் போக, வீடு உயரப் பூச்சி ஒன்று வாகனம்! அதன் முதுகு ஓட்டைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து, நரம்புகளைப் பிடித்து இழுத்து ஓட்டுகிறார்கள்.

விளையாட்டு வெற்றி பெற்றது. கம்பெனி பிழைத்தது. பிற்பாடு 2021-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி பல நூறு கோடி டாலர் கொடுத்து ஜெனிமேக்சையே வாங்கியது.

வழி சொல்வார்கள், கையைப் பிடித்து அழைத்துப் போகமாட்டார்கள்

இப்போது வருகிற விளையாட்டுகளில் பெரும்பாலும் அம்புக்குறி ஒன்று இருக்கும். போகவேண்டிய இடத்தை அது காட்டிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போகலாம்.

மாரோவிண்டில் அம்புக்குறி கிடையாது. ஆற்றைக் கடந்து போ, பாலம் வரும், அப்புறம் கிழக்கே திரும்பு என்று ஓர் ஆள் வாயால் சொல்லுவார். அது குறிப்புப் புத்தகத்தில் பதிவாகும். அதை வாசித்து, வழிகாட்டிப் பலகையைப் பார்த்து, நீங்களே கண்டுபிடிக்கவேண்டும். கிராமத்தில் வழி கேட்டுப் போகிற மாதிரிதான். சில சமயம் சொன்ன வழியே தெளிவாக இருக்காது. அதுவும் கிராமத்தைப் போலத்தான்.

ஆரம்பத்தில் ஒரு வேலை வருகிறது. அழிந்துபோன பழைய ஜாதியார் ஒருவரின் பாழடைந்த கோட்டைக்குள் போய், ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வரவேண்டும். கோட்டைக் கதவு எங்கே என்றே தெரியாது. பக்கத்தில் நிற்கும் திருகைத் திருப்பினால்தான் திறக்கும். உள்ளே போனால் இருட்டு, திருடர்கள், அறைக்கு மேல் அறை. பெட்டியோ உள்ளங்கை அளவு! பரண் மேல் மற்ற சாமான்களோடு கிடக்கிறது. அதைத் தேடி மணிக்கணக்கில் அலைந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 20 வருஷம் கழித்தும் அந்தப் பெட்டியைச் சொன்னால் பல்லைக் கடிக்கிறார்கள்!

ஆனால் அதே ஆட்கள்தான், அந்தத் தீவின் சாலைகள் தங்கள் தெருவைப் போல மனப்பாடம் என்றும் சொல்லுகிறார்கள்.

அடித்தால் படாது!

புதிதாக வாங்குகிறவர்களை விரட்டுவது சண்டைதான். எதிரில் ஒரு எலி வருகிறது. கத்தியை வீசுகிறீர்கள். கத்தி எலி மேல் படுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை! மறுபடி வீசுகிறீர்கள். மறுபடியும் ஒன்றும் ஆகவில்லை.

விளையாட்டு கெட்டுவிட்டதா? இல்லை. உள்ளே தாயம் உருட்டுகிற மாதிரி ஒரு கணக்கு ஓடுகிறது. கத்திப் பயிற்சி எவ்வளவு, சுறுசுறுப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் அடி விழுந்ததா இல்லையா என்று முடிவாகும். ஓடி ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போனால் பத்துக்கு ஏழு அடி காற்றில் போகும். முதலில் தேர்ந்த ஆயுதத்தை விட்டு வேறு ஆயுதம் எடுத்தாலும் அதே கதி.

இந்த ரகசியம் தெரியாமல்தான் பலர் முதல் நாளே மூடுகிறார்கள். நடந்து போய், களைப்பு தீர்ந்த பிறகு, பழகிய ஆயுதத்தால் அடித்தால் எலி சாகும். குதித்துக் குதித்துப் போனால் குதிக்கும் திறமை வளரும். வாள் வீசினால் வாள் திறமை வளரும். எதைச் செய்கிறோமோ அது வளரும்.

பறவை மாதிரி ஒரு ஜந்து இருக்கிறது. கிளிப் ரேசர் என்று பெயர். எங்கே போனாலும் வானத்தில் இருந்து கத்திக்கொண்டே வந்து கொத்தும். அதற்கு எந்த ரகசியமும் கிடையாது. வெறும் தொல்லை.

யார் சொல்வது உண்மை?

கைதியின் கதை என்ன? பழைய காலத்தில் நெரவார் என்று ஒரு வீரன் இருந்தான். எரிமலை அடிவாரத்தில் நடந்த போரை ஒட்டி இறந்தான். அவன் மீண்டும் பிறப்பான் என்று பாலைவனத்து நாடோடிகள் நம்புகிறார்கள். தீவின் கோயிலோ அப்படிச் சொல்பவர்களைப் பிடித்துத் தண்டிக்கிறது.

கோயிலில் இருக்கும் மூன்று தெய்வங்களும் ஒரு காலத்தில் நெரவாரின் கூட்டாளிகள். அவர்களே அவனைக் கொன்றார்கள் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. இல்லை என்று இன்னொரு புத்தகம் சொல்கிறது. எரிமலைக்குள் உட்கார்ந்திருக்கும் எதிரி டாகத் உர், தான் நெரவாரின் நண்பன் என்கிறான்! கைதிதான் அந்த நெரவாரா? அல்லது சக்கரவர்த்தி தன் காரியத்துக்காகப் போட்ட வேஷமா? விளையாட்டு கடைசிவரை அடித்துச் சொல்வதில்லை. ஆடுகிறவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொரு விசேஷம். இங்கே யாரையும் கொல்லலாம். கதைக்கு முக்கியமான ஆளைக் கொன்றால், விதியின் இழை அறுந்தது என்று ஓர் எச்சரிக்கை வரும். பழைய இடத்தில் இருந்து மறுபடி ஆடலாம். அல்லது பாழான அந்த உலகிலேயே தொடர்ந்து வாழலாம். இப்படித் துணிந்து விடுகிற விளையாட்டுகள் பிறகு குறைந்துபோயின.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

முதலில் மொழி. தமிழில் இது கிடையாது. குரலில் பேசுவது குறைவு, எல்லாம் வாசிக்கவேண்டும். உள்ளே நூற்றுக்கணக்கான புத்தகங்கள் வேறு கிடக்கின்றன. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் வாங்கவேண்டாம். இதில் சமாதானம் சொல்ல வழி இல்லை.

அடுத்தது, வீட்டுப் பிள்ளைகள். அமெரிக்காவில் இதை 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வகைப்படுத்தினார்கள். சண்டை உண்டு. அடிமை வியாபாரம் உண்டு. போதைச் சரக்கு உண்டு. அடிமைகளை விடுதலை செய்கிற வேலையும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இது ஆகாது.

கம்ப்யூட்டர் பற்றிக் கவலை வேண்டாம். 2002-ல் இதற்குக் கேட்டது 500 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 256 எம்.பி. நினைவகம், ஒரு ஜி.பி. இடம். இன்றைக்கு மூலையில் கிடக்கிற பழைய பெட்டிகூடப் போதும். அந்தக் காலத்தில் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கே இது பாரமாக இருந்தது. நினைவகம் நிரம்பினால் விளையாட்டு ரகசியமாகப் பெட்டியை அணைத்து மறுபடி கிளப்பும். ஆடுகிறவருக்குக் கொஞ்சம் நேரமாகிறது என்றுதான் தெரியும்! டாட் ஹோவர்டே பிற்பாடு இதை வெளியில் சொன்னார்.

முகங்கள் மரப்பொம்மை போல இருக்கும். தூரத்து மலை மூடுபனியில் மறையும். இதற்குத் தொண்டர்கள் வழி செய்திருக்கிறார்கள். ஓப்பன் எம்.டபிள்யூ. என்ற புதிய இயந்திரத்தை எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதில் ஓட்டினால் தூரம் தெளிவாகத் தெரிகிறது, லினக்சிலும் ஆடலாம். ஆனால் விலை கொடுத்து வாங்கிய மூல விளையாட்டு கையில் இருக்கவேண்டும். இன்னொரு கோஷ்டி, தீவுக்கு வெளியே இருக்கும் பெரு நிலப்பரப்பையே 20 வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டு வருகிறது. அதுவும் இலவசம்.

இதற்கு அடுத்து வந்த 'ஆப்லிவியன்' 2025 ஏப்ரலில் புது மெருகுடன் மறுபடி வெளிவந்தது. பார்க்க அழகு, அம்புக்குறியும் உண்டு. விலையும் அதிகம். அழகு பெரிது என்பவர்கள் அங்கே போகலாம்.

வாங்குவதாக இருந்தால் 'கேம் ஆப் தி இயர்' பதிப்பைப் பார்த்து வாங்கவேண்டும். பிறகு வந்த டிரிபியூனல், பிளட்மூன் என்ற இரண்டு கிளைக் கதைகளும் அதிலேயே அடக்கம். கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால்கூட 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தள்ளுபடி நாட்களில் விலை பாதிக்கும் கீழே இறங்குவது வழக்கம். அவசரப்பட்டு முழு விலை கொடுக்கவேண்டியது இல்லை. காத்திருக்கும் நாட்களில் அண்ணன்மார் இருவரையும் பார்த்து வைக்கலாம். அரினாவை 2004-லும், டாகர்பாலை 2009-லும் கம்பெனியே இலவசமாக்கிவிட்டது.

ஸ்டீம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மந்திரவாதி விழுவது முதல் அரை மணிக்குள். அந்த எலியும் அதற்குள் வந்துவிடும். மிச்ச நேரத்தில் வழி கேட்டு வழி கேட்டுப் பால்மோராவுக்கு நடந்து போய், கேயஸ் வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம்.