இங்கிலீஷ் பேசக் கூச்சமா? பக்கத்து ஹாஸ்டலில் இருக்கிறார் பார்ட்னர்!

இலக்கணம் தெரியும், படித்தால் புரியும். ஆனால், இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் வார்த்தை வராது. தமிழ் மீடியத்தில் படித்த பலரின் நிலை இதுதான். தமிழ் நண்பரோடு பேசிப் பழகலாம் என்றால், இரண்டாவது நிமிடமே பேச்சு தமிழுக்குத் தாவிவிடும்.

இதற்குக் கல்லூரி வளாகத்திலேயே வழி இருக்கிறது. 1950-ல் தொடங்கப்பட்ட, ஐ.சி.சி.ஆர் எனப்படும் இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகையிலும், சொந்தச் செலவிலும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் தமிழகத்தில் படிக்கிறார்கள். தான்சானியாவில் பேச்சு மொழி சுவாஹிலி, நேபாளத்தில் நேபாளி. அவர்களுக்கும் ஆங்கிலம் பள்ளியில் கற்ற மொழிதான் என்பதால், தடுமாறுபவரின் கஷ்டம் புரியும்.

வாரம் இரண்டு நாள், கேன்டீனில் அரை மணி நேரம் போதும். சாப்பாடு, பஸ், வீடு, பண்டிகை எனத் தினசரி விஷயங்களையே பேசுங்கள். நடுவில் திருத்த வேண்டாம். தவறுகளைக் கடைசி 5 நிமிடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பதிலுக்கு, ஆட்டோவில் 'எவ்வளவு?' என்று கேட்கவும், மெஸ்ஸில் 'காரம் கம்மியா போடுங்க' என்று சொல்லவும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் தமிழில் தடுமாறுவதைக் கேட்கக் கேட்க, உங்கள் கூச்சமும் குறையும்.